வந்த விதம்: தனியாக

தாய் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு இரண்டு மணி நாற்பத்தைந்து நிமிடம் முன்னதாகவே அந்தக் குழந்தை அங்கே பிறந்துவிட்டது.

செப்டம்பர் நான்காம் தேதி எங்கள் கணினி அப்படித்தான் சொன்னது. வாசல் கணினியில்: மேஜுமா, வயது இருபத்து நான்கு, வருகை 08:10. பிரசவ வார்டுக் கணினியில்: பெண் குழந்தை, மூன்று கிலோ நூறு கிராம், பிறப்பு 05:25. தாயைக் காணாததால், ‘வந்த விதம்’ என்ற கட்டத்தை இயந்திரம் தானே நிரப்பிக்கொண்டது: ‘தனியாக’.

நான் அந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் எழுத்தராக இருக்கிறேன். டான்சானியாவின் டாங்கா நகரிலிருந்து தெற்கே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போனால், கடலைப் பார்த்தபடி இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி.

எங்கள் ஊரில் சூரியன் எழுந்த பிறகுதான் மணியை எண்ணத் தொடங்குவோம். காலை ஏழு மணி எங்களுக்கு ஒன்று. எட்டு மணி, இரண்டு. கைக்கடிகாரம் ஏழு காட்டும், வாய் ஒன்று என்று சொல்லும். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. கடிகாரத்துக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு மனிதத் தலை இருக்கிறது, அது ஆறைக் கழித்துக்கொள்ளும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாக் கணினிகளும் கடிகாரத்தைப் போல ஓடின. பிரசவ வார்டுக் கணினி மட்டும் வாயைப் போல ஓடியது. குழந்தை பிறந்தது பகல் பதினொன்று இருபத்தைந்துக்கு. வார்டுக் கணினி அதை ஐந்து இருபத்தைந்து என்று எழுதியது.

அது எப்படி ஆறு மணி நேரம் பின்னால் போனது என்பது பற்றி ஆஸ்பத்திரியில் மூன்று கருத்துகள் இருந்தன. இடி விழுந்தது என்றார்கள் சிலர். பேட்டரி மட்டமானது என்றார்கள் சிலர். வாட்ச்மேன், பிரசவ வார்டுக்குப் பின்னால் இருக்கும் பாவோபாப் மரத்து ஜின்னின் பெயரைச் சொன்னார். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஒரு வருடமாக அதனால் ஒரு கெடுதலும் இல்லை. நர்ஸ் அஸ்தெரியா வார்டிலிருந்து காகிதத்தை எடுத்துக்கொண்டு நடந்து வருவார். காகிதம் ஒரு தலையோடு சேர்ந்து வந்தது. செப்டம்பர் இரண்டாம் தேதி ஒற்றுமைத் திட்டம் தொடங்கியது. டைரக்டர் செம்போஜா ரிப்பனை வெட்டினார். எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியில் இணைந்தன. அவை ஒரே மாதிரி எழுதுகின்றனவா என்று யாரும் பார்க்கவில்லை. விழாவுக்குக் கட்டிய பேனர் மட்டும் மிகவும் பெரியது.

அடுத்த இரண்டு நாளில் மூன்று குழந்தைகள் பிறந்தன. அந்தத் தாய்மார்கள் முந்தின நாளே வந்து படுத்தவர்கள், அதனால் தப்பித்தார்கள். வந்த அன்றே பெற்ற முதல் ஆள் மேஜுமா.

*

ஐந்தாம் தேதி காலை மேஜுமாவுக்கு வீட்டுக்குப் போகச் சீட்டுக் கிடைத்தது. குழந்தைக்குக் கிடைக்கவில்லை.

அவள் கணவன் கோம்போ மீன் சந்தைக்கு எதிரே சைக்கிள் பழுது பார்ப்பவன். விரல் நகங்களில் கிரீஸ். அவனும் அவளும் எங்கள் பிரிவுத் தலைவர் மஷாகாவின் மேசைக்கு முன்னால் நின்றார்கள். மஷாகா மண்டாசி என்ற எண்ணெய்ப் பலகாரத்தைப் பிய்த்து டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

“குழந்தைய யாருகிட்ட குடுக்கறது, ஃபுண்டி?” என்றார். கைத்தொழில்காரர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். “அது தனியா வந்திருக்கு.”

“தனியா எப்படிங்க வரும்?”

“அத நான் எப்படிச் சொல்றது? அது வந்தப்ப உங்க சம்சாரம் இங்க இல்ல.”

மேஜுமா தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “நான் இல்லாமயா?”

நர்ஸ் அஸ்தெரியாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் கையுறையோடு வந்தார். “என்ன விளையாட்டு இது? இவதான் பெத்தா, நான்தான் பிடிச்சேன்.”

“எத்தனை மணிக்குப் பிடிச்சீங்க, அக்கா?”

“அஞ்சு இருபத்தஞ்சு.”

“பாத்தீங்களா,” என்றார் மஷாகா.

“யோவ், அஞ்சுன்னா சூரியன் தலைக்கு மேல நிக்கிற அஞ்சுய்யா!” என்றான் கோம்போ.

“அது வாய் அஞ்சு. இங்க இருக்கறது கணினி அஞ்சு.”

“அப்ப ஆறு கூட்டிக்கங்களேன்.”

மஷாகா மண்டாசியைக் கீழே வைத்தார். “கூட்டறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல. பதிய மட்டும்தான் அதிகாரம்.”

“வர்ற செவ்வாய்க்கிழமை ஏழாம் நாளுங்க,” என்றாள் மேஜுமா. “முடி இறக்கி, பேரு வைக்கணும். ஆடு வாங்கியாச்சு.”

“ஆடு எங்க?”

“கடையில கட்டியிருக்கு. ட்யூப்பத் தின்னுட்டிருக்கு.”

மஷாகாவுக்கு ஆட்டின் மேல் இரக்கம் வந்தது. தெரு அலுவலரிடமிருந்து ஒரு கடிதம், முத்திரையோடு, வாங்கி வந்தால் பரிசீலிக்கலாம் என்றார்.

கோம்போ சைக்கிளில் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். கடிதம் நன்றாகவே இருந்தது. ‘மேற்படி மேஜுமா வயிற்றில் குழந்தையுடன் காலை ஒரு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பியதை நான் என் இரு கண்களாலும் பார்த்தேன்.’ இரண்டு கண்களுக்கும் சேர்த்து இரண்டு முத்திரைகள்.

மஷாகா 01:00 என்று தட்டினார். இயந்திரம் சற்று யோசித்தது. ஒரு மணிக்கு வீடு. ஐந்து இருபத்தைந்துக்குக் குழந்தை. எட்டுப் பத்துக்கு ஆஸ்பத்திரி. ‘தனியாக’ என்பது மறைந்து ‘வழியில்’ என்று வந்தது.

“முன்னேற்றம்தான்,” என்றார் மஷாகா. “இப்ப வண்டிக்காரர் சாட்சி வேணும்.”

பஜாஜ் ஆட்டோ ஓட்டுநர் வந்தார். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஏழு மணி நேரம் ஏன் ஆனது என்று அவரிடம் கேட்கப்பட்டது.

“ஏழு மணி நேரமா? அவ்வளவு நேரம் ஓட்டினா நான் டார் எஸ் சலாம் போயிருப்பேனே.”

“வண்டியில பிரசவம் நடந்துச்சா?”

“என் சீட்டு கவர் வெள்ளை சார். வந்து பாருங்க.”

மூன்று பேர் போய் சீட்டு கவரைப் பார்த்தார்கள். அது வெள்ளையாகத்தான் இருந்தது. அதைப் பதிவு செய்ய இயந்திரத்தில் கட்டம் இல்லை. ‘வழியில்’ மறைந்து மறுபடியும் ‘தனியாக’ வந்தது.

நான் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நகல் எழுதினேன். தொண்டைக்குள் ஒரு வாக்கியம் இருந்தது. ஐந்து பேருக்கு மேல் இருக்கும் அறையில் நான் பேசியதில்லை. அங்கே ஆறு பேர் இருந்தார்கள்.

*

குழந்தை வார்டிலேயே இருந்தது. மேஜுமா நோயாளி அல்ல, அதனால் கட்டில் கிடையாது. அவள் பார்வையாளர். வராந்தா பெஞ்சில் மேலே போர்த்தியிருந்த காங்காத் துணியை விரித்துப் படுத்தாள். அஸ்தெரியா இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தையைத் தூக்கி வந்து மடியில் வைத்துவிட்டுப் போனார். “பால் குடுக்கறதுக்குக் கம்பி தேவையில்ல,” என்றார்.

அன்றே தடுப்பூசி அறையிலிருந்து ஆள் வந்தது.

அந்த அறையின் கணினி வேறொரு நாடு அன்பளிப்பாகக் கொடுத்தது. அவர்கள் மாதத்தை முன்னால் எழுதுகிறவர்கள். எங்கள் வார்டு 04/09 என்று அனுப்பியது. அது ஏப்ரல் ஒன்பது என்று படித்துக்கொண்டது. அதன் கணக்கில் நேற்றுப் பிறந்த குழந்தைக்கு வயது நூற்று நாற்பத்தொன்பது நாள். ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரத்து ஊசிகள் எதுவும் போடவில்லை.

அங்கிருந்து தகவல் கம்பி வழியாகச் சத்துணவு அலுவலருக்குப் போனது. கம்பி நன்றாக வேலை செய்தது. அவர் எடைத் தராசோடு வராந்தாவுக்கு வந்தார்.

“அஞ்சு மாசக் குழந்த. மூணு கிலோ. கழுத்து நிக்கல. என்னம்மா குடுக்கறே?”

“பால்.”

“எப்பலேர்ந்து?”

“நேத்துலேர்ந்து.”

அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். “அஞ்சு மாசத்துல நேத்துதான் பால் குடுத்திருக்கியா?”

“அதுக்கு முன்னாடி அவ வயித்துக்குள்ள இருந்தா.”

“பெத்த தாய் பேசற பேச்சா இது!”

“அதத்தான் நானும் சொல்றேன். பெத்த தாய்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க.”

அதை எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. அவருக்கு அதிகாரம் இருந்தது மூன்று பொட்டலம் சத்துமாவுக்கு. கோம்போ அதை வாங்கிக் கடையில் வைத்தான். ஆடு தின்றது. பிறகு தெரு அலுவலரின் கடிதத்து நகலையும், ஒரு சைக்கிள் சீட்டின் உறையையும் தின்றது. நாளுக்கு நாள் அது நன்றாகத் தேறியது. அவ்வளவு பெரிய ஊரில் ஒற்றுமைத் திட்டத்தால் பலன் அடைந்த ஒரே உயிர் அதுதான்.

ஏழாம் தேதிக்குள் தனியாக வந்த குழந்தைகள் நான்கு ஆகிவிட்டன. அஸ்தெரியா, வரும் கர்ப்பிணிகளிடம், “வந்ததும் பெத்துடாத கண்ணு. ஆறு மணி நேரம் பல்லக் கடிச்சிட்டுப் பொறு, அப்பறம் பெத்துக்க” என்று சொல்லத் தொடங்கினார். இரண்டு பேர் பொறுத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி ஒரு வகுப்பு இருந்தது. நேரத்தை எழுதும்போது வருடம் முதலில், பிறகு மாதம், பிறகு நாள், பிறகு மணி. கடைசியில் அது எந்த இடத்து நேரம் என்பதையும் எழுத வேண்டும். இந்த ஒழுங்கு மற்றவற்றைவிட அழகானது என்று ஆசிரியர் சொல்லவில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டது, அதற்கு அதுவே போதும் என்றார். அப்போது அது எனக்கு மிகச் சின்ன விஷயமாகத் தெரிந்தது. தேர்வில் இரண்டு மதிப்பெண்.

*

எட்டாம் தேதி அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டது. ‘நேரத் தரநிலை குறித்து முடிவெடுக்க அவசரக் கூட்டம். நாளை, 4:00 மணி. உறுப்பினர்கள் நேரம் தவறாமல் வரவும். — டைரக்டர்.’

ஒன்பதாம் தேதி, உறுப்பினர்களில் பாதிப் பேர் காலை நான்கு மணிக்கு வந்தார்கள். அதாவது கடிகாரத்தில் பத்து. மீதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் வராதவர்களின் பொறுப்பின்மையை அரை மணி நேரம் கண்டித்தார்கள். குறிப்பு எழுதுவது என் வேலை. எழுதினேன்.

கோம்போவும் மேஜுமாவும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேஜுமாவின் மடியில் குழந்தை. அஸ்தெரியா அதைப் ‘பால் நேரம்’ என்று கையெழுத்துப் போட்டு வெளியே எடுத்து வந்திருந்தார். சுவரில் ஒரு பெரிய புகைப்படம் தொங்கியது. போன வருடம் பிரசவ வார்டுக் கணினியைத் திறந்து வைத்த விழா. சிறப்பு விருந்தினர், டைரக்டர், கத்தரிக்கோல், கணினி. ஓரத்தில் யாருடையதோ ஒரு முழங்கை.

டைரக்டர் செம்போஜா எழுந்து, வந்திருந்த எல்லோருடைய பதவியையும் வரிசையாகச் சொல்லி, மரியாதை வரிசை கடைப்பிடிக்கப்பட்டது என்று அறிவித்துவிட்டுத் தொடங்கினார்.

“வெளிநாட்டுக்காரன் நாளை எப்போது தொடங்குகிறான்? நடுராத்திரியில்! அந்த நேரத்தில் விழித்திருப்பது யார்? திருடனும் வாட்ச்மேனும். அவர்களுக்காகச் செய்யப்பட்ட கடிகாரம் நமக்கு எதற்கு? நம் பிரசவ வார்டுக் கணினி ஆறு மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது என்கிறார்கள். இல்லை, தோழர்களே! அது ஆறு மணி நேரம் சுதந்திரமாக ஓடுகிறது. என் தலைமையில்தான் அது நடந்தது என்பதை நான் அடக்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.”

கைதட்டினார்கள். பிரசவ வார்டின் நேரமே ஆஸ்பத்திரியின் தரநிலை என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. டீ வந்தது.

“அப்ப என் குழந்த?” என்றான் கோம்போ.

“உங்க குழந்த சுதந்திரமா பிறந்திருக்கு, ஃபுண்டி. வாழ்த்துகள்.”

மாலை நான்கு மணிக்கு மீதிப் பாதிப் பேர் வந்தார்கள். வராதவர்களின் பொறுப்பின்மையை அவர்களும் அரை மணி நேரம் கண்டித்தார்கள். எழுதினேன். இவர்களோடு தலைநகர் டொடோமாவிலிருந்து கமுகிஷா என்ற பெண் கணினிப் பொறியாளரும் வந்திருந்தார். பஸ்ஸில் இரவு முழுக்க உட்கார்ந்து வந்த கால் வீக்கத்தோடு, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். கோம்போவும் மேஜுமாவும் பின்வரிசையிலேயே இருந்தார்கள்; குழந்தைக்கு மறுபடியும் ‘பால் நேரம்’.

டைரக்டர் எழுந்தார். மரியாதை வரிசை கடைப்பிடிக்கப்பட்டது.

“தரநிலை! அது என் ரத்தத்தில் ஓடுகிறது. மற்ற ஆஸ்பத்திரிகளில் ஒரே ஒரு தரநிலைதான் இருக்கிறது, அதுவும் யாரோ செய்தது. இங்கே நான் என் கையாலேயே எட்டுத் தரநிலைகளை உருவாக்கியிருக்கிறேன். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒன்று! உலகம் ஒப்புக்கொண்ட நேரத்தைவிட்டு ஒரு நிமிடம்கூட நான் விலகியதில்லை. அப்படியிருக்க, எந்தத் துரோகி அந்தக் கடிகாரத்தின் மேல் கை வைத்தான்? அவனைக் கண்டுபிடிக்கும்வரை நான் தூங்க மாட்டேன்.”

உலக நேரமே ஆஸ்பத்திரியின் தரநிலை என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. டீ வந்தது.

கமுகிஷா டீயைத் தொடவில்லை. “கடிகாரம் தப்பா ஓடறது பெரிய விஷயம் இல்ல,” என்றார். “எவ்வளவு தப்பு, எப்பலேர்ந்து தப்பு, யாரு செஞ்சதுன்னு மூணும் பதிவுல இருந்தா, நான் இப்பவே எல்லாப் பிறப்பு நேரத்தையும் திருத்திடுவேன். பத்து நிமிஷ வேலை. நாலு குழந்தைங்களும் இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம். தெரியாட்டி என்னால ஒரு எண்ணையும் தொட முடியாது. அது பழுதா, யாராவது நடுவுல ரெண்டு தடவை மாத்தினாங்களா, எனக்கு எப்படித் தெரியும்? சீல் வெச்சு விசாரணைதான்.”

“எத்தனை நாள்?” என்றார் மஷாகா.

“தொண்ணூறு.”

“சிறப்பு,” என்றார் டைரக்டர். “விசாரணைக் குழுவுக்கு நானே தலைவர்.”

“அதுவரைக்கும் குழந்தைங்க?” என்றார் மஷாகா.

“அவை சான்றுப் பொருள்,” என்றார் டைரக்டர். “சான்று வார்டை விட்டு வெளியே போகக் கூடாது.”

கோம்போ எழுந்தான். யாரும் அவனை அழைக்கவில்லை, அதனால் மரியாதை வரிசையும் இல்லை.

“ஐயாமாரே, எனக்குக் கணினி தெரியாது. சைக்கிள் தெரியும். என் கடைக்கு வர்ற வண்டியில டயரு ஒரு நாட்டுது, ரிம்மு ஒரு நாட்டுது, ஹேண்டில்பாரு அவங்க தாத்தா காலத்தது. ஆனா வால்வு மட்டும் எல்லாத்துலயும் ஒரே அளவு. அதனாலதான் எந்த ஊர்ல காத்து இறங்கினாலும் யாரு பம்பையும் வாங்கி அடிச்சுக்க முடியுது. அந்த வால்வு ரொம்ப அழகுன்னு இல்ல. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். என் கடைக்குன்னு ஒரு வால்வு நானே செஞ்சு மாட்டினா, பெருமையா இருக்கும். ஆனா அந்த ஆளு வீடு வரைக்கும் வண்டிய உருட்டிட்டுத்தான் போகணும்.”

“அழகான பேச்சு,” என்றார் டைரக்டர். “ஆனா கூட்டத்தின் பொருளுக்கு வெளியே.”

“சரி, பொருளுக்கு உள்ளேயே கேக்கறேன். அந்தக் கடிகாரத்த மாத்தினது யாரு?”

மஷாகா இடி என்றார். ஒருவர் பேட்டரி என்றார். வாசலில் நின்ற வாட்ச்மேன் பாவோபாப் மரம் இருந்த திசையைக் கையால் காட்டினார். டைரக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு என் பக்கம் பார்த்தார். என்னை அவர் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். “இந்தக் கேள்விய எழுத வேண்டாம், ஹிதாயா,” என்றார்.

என் பேர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

சான்றுப் பொருள் தூக்கத்தில் தும்மியது. மேஜுமா காங்காவின் நுனியால் அதன் மூக்கைத் துடைத்து, வாசலில் காத்திருந்த அஸ்தெரியாவிடம் கொடுக்க எழுந்தாள். பால் நேரம் முடிந்துவிட்டது. கொடுக்கும்போது கையை உடனே எடுக்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் குழந்தையைப் பிடித்தபடி நின்றார்கள்.

அறையில் பதினேழு பேர் இருந்தார்கள். நான் எண்ணினேன். பேனாவை மூடினேன். எழுந்தபோது நாற்காலி சத்தம் போட்டது, எல்லோரும் திரும்பினார்கள்.

“அந்த முழங்கை என்னோடது,” என்றேன்.

“எந்த முழங்கை?” என்றார் கமுகிஷா.

நான் சுவரில் இருந்த புகைப்படத்தைக் காட்டினேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதனால் மறுபடி தொடங்கினேன்.

“திறப்பு விழா. நான் வேலைக்குச் சேர்ந்து நாலாவது நாள். சிறப்பு விருந்தினர் திரையைப் பாத்துட்டு, ‘நான் மூணு மணிக்கே வந்துட்டேனே, இது ஏன் ஒன்பது காட்டுது, இது கெட்டுப்போன மெஷினா?’ன்னு கேட்டார். புகைப்படக்காரர் காத்துட்டு இருந்தார். டைரக்டர் என்னைப் பாத்து, ‘சீக்கிரம் சரி பண்ணு’ன்னார்.”

“ஹிதாயா, உட்காரு,” என்றார் டைரக்டர்.

கமுகிஷா கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் விரல்கள் தயாராக இருந்தன. “எவ்வளவு?”

“ஆறு மணி நேரம். பின்னால. ஒரே தடவை.”

“யாரு?”

“நான்தான்.”

“எப்ப?”

“இரண்டாயிரத்து இருபத்து மூன்று,” என்றேன். “ஏழாம் மாதம். பதினெட்டாம் நாள். ஒன்பது மணி பதினாலு நிமிஷம். கிழக்கு ஆப்பிரிக்க நேரம்.”